காலேஜ் வாலிபால் டீமுக்கு ஆள் பாக்க வந்த கோச்சுங்க: நம்ம திருநெல்வேலி பக்கத்து அனுபவங்கள்

திசையன்விளைக்காரன்:

கோயில் கொடை, சர்ச் திருவிழா, பொங்கல்னு எது வந்தாலும் நம்ம பக்கம் மின்னொளி கைப்பந்துப் போட்டின்னு போஸ்டர் ஒட்டிருவாங்க. ராதாபுரம், வள்ளியூர், திசையன்விளை சுத்துவட்டாரத்துல ரெண்டு கம்பம் நட்டு வலை கட்டாத ஊரு கம்மி. அந்தக் கூட்டத்துல ஓரமா ஒரு ஆளு கைய கட்டிகிட்டு நின்னு பாத்துகிட்டு இருப்பாவ, பாளையங்கோட்டையில ஏதோ ஒரு காலேஜோட அசிஸ்டென்ட் கோச்சா இருக்கும். அவியள பத்தி யாரும் எழுதி நான் பாத்ததே இல்ல. கப்பு வாங்குன போட்டோவுல பிரின்சிபால் நடுவுல, பி.டி. சார் பக்கத்துல, இவிய கடைசில பந்துப் பையோட. அதான் நானே ஆரம்பிக்கேன், தெரிஞ்சவங்க எல்லாரும் எழுதுங்க.

என்ன எடுத்த சார பத்தி சொல்லுதேன். அப்ப நான் பன்னெண்டாவது, எங்க ஊரு டீமுக்கு அட்டாக்கர். தேரிக்காட்டு மண்ணுல ஆடி வளந்த பயலுவளுக்கு ஒரு விசயம் உண்டு, கால் புதையுற மண்ணுல எம்பி எம்பி அடிச்சுப் பழகிட்டா கெட்டித் தரையில கால் வச்சதும் உடம்பு தானா மேல போவும். அன்னிக்கு ராத்திரி நான் அடிச்ச அடியெல்லாம் விழுந்துது, ஒரே விசில் சத்தம். மேட்ச் முடிஞ்சு தண்ணி குடிச்சிகிட்டு இருக்கேன், இவிய வந்து, "தம்பி, உன் அடிய எல்லாரும் பாத்தாங்க. அவனுவ வலைகிட்ட கைய தூக்கித் தடுத்து பிளாக் போட்டு பந்து உன் காலடியில விழுந்தப்ப நீயே குனிஞ்சு எடுத்த பாரு, பெறவு அடுத்தவன் அடிக்கப் போகையில பந்து தடுபட்டு திரும்பி வந்தா எடுக்க அவன் பின்னால ஓடிப் போயி கவர் நின்ன, நான் அத பாத்தேன்"னாவ. அடிக்கத சொல்லிக் குடுத்துரலாம், இத சொல்லிக் குடுக்க ரொம்ப நாளாவும்னும் சொன்னாவ. நான் கவர் போனேங்கதே அவிய சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மறுநா காலைல வீட்டுக்கே வந்துட்டாவ. எங்க ஆச்சியோட சுண்ணாம்பு டப்பாவ வாங்கி, என் நடுவிரல்ல தொட்டு வச்சி, செவுத்தோட ஒட்டி நின்னு கைய தூக்கி ஒரு புள்ளி வைக்கச் சொன்னாவ. பெறவு ரெண்டு அடி எடுத்து எம்பி மேல ஒரு புள்ளி. ரெண்டுக்கும் நடுவுல டேப்பு வச்சி அளந்து சின்ன நோட்டுல எழுதிகிட்டாவ. ஆண்களுக்கு வலை 2.43 மீட்டர், அதுக்கு மேல எவ்வளவு கை போவுதுங்கதான் கணக்கு. எங்கம்மாவ ஒரு தடவ நிலைப்படி பக்கத்துல வந்து நிக்கச் சொன்னாவ, அம்மாவுக்கு வெக்கம். "அம்மாவே நல்ல உயரம், இவன் இன்னும் வளருவான்"னு அதையும் எழுதிகிட்டாவ.

அதுக்கப்புறம் எங்கப்பாகிட்ட பேசுனதுதான் எனக்கு இன்னும் மனசுல நிக்கி. எங்கப்பா வாழைக்குத் தண்ணி பாய்ச்சிட்டு மண்வெட்டியோட வந்து உக்காந்தாவ, "எவ்வளவு செலவாவும் சார்"னு நேரா கேட்டாவ. இவிய, "காலேஜ் ஃபீஸும் ஹாஸ்டல் ரூமும் காலேஜ் பாத்துக்கும். மெஸ் பில்லுல பாதி நீங்க கட்டணும். ஷூ வருசத்துக்கு ஒரு ஜோடிதான் குடுப்பாங்க, அது கிழிஞ்சா நீங்கதான் வாங்கணும். வேலை வாங்கித் தாரேன்னு நான் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. யுனிவர்சிட்டி டீமுல ஏறி, யுனிவர்சிட்டிகளுக்கு நடுவுல நடக்க சவுத் சோன் போட்டி ஆடுனா ஃபார்ம் 3ங்க சர்ட்டிபிகேட் கிடைக்கும், ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலைக்கு எழுதிப் போட அது வேணும், அதுக்கு மேல இவன் ஆட்டம், இவன் நேரம்"னாவ. அவிய பைக்க எடுத்துட்டுப் போன பெறவு எங்கப்பா சொன்னது ஒண்ணுதான், வேலை வாங்கித் தாரேன்னு சொல்லாத மனுசன், இவர நம்பி அனுப்பலாம்.

எனக்கு கோட்டாவுல வேலை கிடைக்கல. டிகிரி கிடைச்சுது, எங்க வீட்டுல மொத டிகிரி. சார் அன்னிக்கு சொன்னதுல ஒண்ணு கூட பொய்யா போவல, மெஸ் பில்லு பாதி உட்பட.

பாவூர்சத்திரம் பொண்ணு:

அண்ணே, நல்ல விசயம் ஆரம்பிச்சீங்க. பொண்ணுங்க சைடு கதை கொஞ்சம் வேற மாதிரி, அத நான் எழுதுதேன்.

நான் ஸ்கூல்லயே எல்லாரையும் விட உயரம், கிளாஸ் போட்டோல எப்பவும் கடைசி வரிசை. எங்கம்மாவுக்கு அது ஒரு கவலை, இவ்வளவு உசரத்துக்கு மாப்பிள்ளைக்கு எங்க போறதுன்னு பக்கத்து வீட்டு அத்தைகிட்ட புலம்பிகிட்டே இருப்பாங்க. எங்க ஸ்கூல் கிரவுண்டுல ஒருநாள் ஆடிகிட்டு இருந்தப்ப பாளையங்கோட்டைலேர்ந்து ஒரு மேடம் வந்திருந்தாங்க, அசிஸ்டென்ட் கோச், அவங்களும் பழைய பிளேயர்தான். எங்க பி.இ.டி. டீச்சர்கிட்ட அட்ரஸ் வாங்கி சாயங்காலம் வீட்டுக்கே வந்துட்டாங்க.

எங்கம்மா மடியில சொளவ வச்சிகிட்டு பீடி சுத்திகிட்டு இருந்தாங்க. அன்னிக்கு கணக்கு ஒப்படைக்கணும், நிமிர்ந்து பேச நேரமில்ல. சேர் போடுறேன்னு நான் உள்ள ஓடுனேன், திரும்பி வந்து பாத்தா மேடம் தரையில சம்மணம் போட்டு உக்காந்து கத்திரிய எடுத்து இலை வெட்டிகிட்டு இருக்காங்க. எங்கம்மா நிமிர்ந்து பாத்துட்டு, "உங்களுக்கு இது எப்படி தெரியும்"னாங்க. "எங்க வீட்டுலயும் இதுதான், எங்கம்மா சுத்துன காசுலதான் நான் படிச்சேன்"னு மேடம் சொன்னாங்க. அதுக்கப்புறம் ஒரு கட்டு இலை தீருற வரைக்கும் வாலிபால் பத்தி ஒரு வார்த்தை பேசல, பீடிக் கம்பெனி கூலி, பி.எஃப்., எங்க தம்பி படிப்புன்னு பேசிகிட்டே வெட்டுனாங்க.

அம்மா தானாவே ஆரம்பிச்சாங்க. வெயில்ல ஆடுனா கருத்துப் போவா, டிராயர் போட்டு ஆடுனா ஊரு பேசும், வெளியூருக்கு மேட்சுக்குப் போனா ராத்திரி எங்க தங்குவா. மேடம் எதையும் சின்ன விசயம்னு தள்ளல. கருக்கத்தான் செய்யும்னாங்க. டிரெஸ் எப்படி இருக்கும்னு பையிலேர்ந்து டீம் ஜெர்சி எடுத்து அம்மா கையில குடுத்தாங்க. மேட்சுக்குப் போனா நான் அதே ரூம்ல படுப்பேன்னாங்க. சனிக்கிழமை ஊருக்கு அனுப்பும்போது தென்காசி பஸ்ல ஏத்தி விட்டு கண்டக்டர்கிட்ட சொல்லிட்டுத்தான் போவேன்னாங்க, மூணு வருசமும் அத செஞ்சாங்க, ஒரு சனிக்கிழமை அவங்களுக்குக் காய்ச்சல், அவங்க வீட்டுக்காரர் வந்து பஸ் ஏத்தி விட்டாரு.

பொண்ணுங்களுக்கு வலை 2.24 மீட்டர். ஸ்கூல்ல சும்மா நின்னு தட்டிகிட்டு இருந்த என்ன வலைக்கு நடுவுல நின்னு தடுக்குற சென்டர் பிளாக்கரா மாத்துனது அவங்கதான், பந்த பாக்காத, அடிக்கிறவனுக்கு பந்து தூக்கிக் குடுக்குற செட்டர் தோள பாரு, கைய பாருன்னு காலைல அஞ்சரைக்கே கத்துவாங்க. இப்ப நான் பி.பி.எட். முடிச்சிட்டு ஒரு ஸ்கூல்ல பி.இ.டி. டீச்சர். ஆறாங்கிளாஸ்ல ஒரு உயரமான புள்ள சேந்தா எனக்கு மொத மேடம் ஞாபகம்தான் வரும், உடனே போன் போட்டுருவேன். இன்னும் ஏழு வருசம் கழிச்சுதான அது காலேஜுக்கு வரும்னு அவங்க சொன்னதே இல்ல, பேரு, ஊரு, அம்மா உயரம் எல்லாம் கேட்டு எழுதிக்குவாங்க.

வள்ளியூர் அப்பா:

எல்லாருமே அப்படி இருக்க மாட்டாங்க, அதையும் சொல்லணும். என் மவன ஒரு காலேஜுக்கு கூப்டு போனாங்க, பேரு வேண்டாம். எல்லாம் ஃப்ரீ, மூணு வருசமும் ஃப்ரீன்னு என் வீட்டு திண்ணையில உக்காந்து சத்தியம் பண்ணாத குறைதான். ரெண்டாவது வருசம் பிளாக் போட்டு இறங்கும்போது அடுத்தவன் கால் மேல மிதிச்சு முட்டி ஜவ்வு போச்சு. ஆப்பரேஷன் முடிஞ்சு வாக்கர் புடிச்சு நடக்கான், ஹாஸ்டல்லேர்ந்து ஃபீஸ் பாக்கின்னு லெட்டர் வருது. கூப்டு போன ஆளு போன எடுக்கல. நெலத்த ஒத்திக்கு வச்சித்தான் அவன படிப்ப முடிக்க வச்சேன். அதனால பெத்தவங்களுக்குச் சொல்லுதேன், என்னென்ன ஃப்ரீன்னு காலேஜ் லெட்டர் பேடுல எழுதி வாங்குங்க, அடிபட்டா ஆஸ்பத்திரிச் செலவு யாரு, ஆட முடியாம போனா சீட்டு இருக்குமா இருக்காதான்னு ரெண்டையும் கேளுங்க. இதக் கேட்டா மூஞ்சி மாறுற ஆளு கூட புள்ளைய அனுப்பாதீங்க.

பாளை கிரவுண்டு:

வள்ளியூர் அண்ணாச்சி, நீங்க எழுதுனத படிச்சிட்டு ராத்திரி தூக்கம் வரல. நானும் அந்த வேலையிலதான் இருக்கேன், அசிஸ்டென்ட் கோச். முட்டி போன பையனுக்கு ஸ்கோர் எழுதுற வேலை குடுத்தாவது ஹாஸ்டல்ல வச்சிருக்கணும், அது கூப்டு போனவரோட கடமை. நீங்க கேட்கச் சொன்ன அந்த ரெண்டு கேள்விய நான் இனிமே நானே முந்திகிட்டு சொல்லிருவேன்.

இந்த வேலை எப்படின்னு கொஞ்சம் சொல்லுதேன். நான் எம்.பி.எட்., பாட்டியாலாவுல கோச்சுங்களுக்குப் பயிற்சி குடுக்க என்.ஐ.எஸ்.ல சர்ட்டிபிகேட் கோர்ஸ் ஆறு வாரம். பெர்மனென்ட் போஸ்டுன்னா அது ஃபிசிகல் டைரக்டர் போஸ்டு, அதுக்கு நெட்டு, செட்டுன்னு சொல்லுத தகுதித் தேர்வோ பி.எச்.டி.யோ வேணும். என்ன மாதிரி ஆளுங்களுக்கு தொகுப்பூதியம், ஜூன் மாசம் திரும்ப எடுப்பாங்களான்னு ஏப்ரல்லயே மனசு அடிச்சுக்கும். காலைல அஞ்சரை டு எட்டு, சாயங்காலம் நாலரை டு ஏழு, நடுவுல அட்டெண்டன்ஸ் குறைஞ்ச பயலுவளுக்காக டிபார்ட்மென்ட் டிபார்ட்மென்டா ஏறி இறங்கணும், ஏன்னா பரீட்சை எழுத விடலைன்னா அவன் படிப்பும் போச்சு, எனக்கு டீமும் போச்சு.

மேட்ச்ல என் வேலை என்னன்னு கேட்டீங்கன்னா, ரூல் புக்குலயே தெளிவா போட்டிருக்கு, அசிஸ்டென்ட் கோச் பெஞ்சுல உக்காரலாம், ஆட்டத்துல தலையிட உரிமை இல்ல. டைம் அவுட் கேக்க முடியாது, ரெஃப்ரிகிட்ட பேச முடியாது. கோச் கிரவுண்ட விட்டுப் போற நிலைமை வந்தா மட்டும் கேப்டன் ரெஃப்ரிகிட்ட உறுதியா சொன்ன பெறவு நான் அந்த எடத்துல நிக்கலாம். மத்தபடி எதிர் டீமு ஆளுங்க எடம் மாறி மாறி நிக்கதுல எந்த ரொட்டேஷன்ல திணறுதுன்னு நோட்டுல எழுதி சார் பக்கம் தள்ளி வைப்பேன். அதனாலதான் சொல்லுதேன், என் ஆட்டம் முழுக்க ஏப்ரல், மே மாசத்துல ஊரு ஊரா நடக்கு. பிளஸ் டூ பரீட்சை முடிஞ்சு ரிசல்ட் வந்து அட்மிஷன் போடுற வரைக்கும் இருக்க அந்தக் கொஞ்ச நாளுல நான் எவன கூட்டிட்டு வாரேனோ அதுதான் அடுத்த மூணு வருச டீமு.

எதப் பாப்பேன்? செட்டர்னா காத வச்சி கேப்பேன், விரல்ல பந்து வந்து போற சத்தமே கேக்கக் கூடாது. இடதுகைப் பையன் கிடைச்சா விடவே மாட்டேன், வலது பக்கத்துலேர்ந்து அடிக்க அவனுக்கு இருக்க தோது வேற யாருக்கும் இல்ல. உயரம் கம்மியா இருக்க பயலுவ பழைய காலத்துல மனசு ஒடிஞ்சு போவானுவ, 1998ல, பின்னால நின்னு பந்து எடுக்கதுக்குன்னே உள்ள லிபரோ வந்துச்சு, அதுலேர்ந்து அவங்களுக்கும் ஒரு எடம். உவரி, இடிந்தகரை, கூத்தங்குழி பக்கம் கடற்கரையில ஆடுற பசங்க இருக்கானுவ, தரையில விழுந்து எந்திரிக்க கொஞ்சங்கூட பயமே கிடையாது, அப்படி ஒரு பையன் இப்ப எங்க டீமு லிபரோ, உயரம் அஞ்சரை அடி கூட இல்ல.

போட்டியும் சாஸ்தி. இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல விளையாட்டுக்குன்னு 500 சீட்டு இருக்கு, நல்ல மார்க்கு எடுத்த உயரமான பையன் அங்க போயிருவான், சென்னை பக்கத்துப் பெரிய காலேஜுங்க ஒரு பக்கம் கூப்டும். 2022ல பிரைம் வாலிபால் லீக் வந்த பெறவு பயலுவ கேக்குற கேள்வியும் மாறிட்டு, முன்னால ரயில்வே, பேங்க், போலீஸ்னு கேப்பானுவ, இப்ப பி.வி.எல். போவ முடியுமா சார்னு கேக்கானுவ. ஆசப்படட்டும், நல்லதுதான். ஆனா அங்க ஒரு சீசன் கொஞ்ச வாரம்தான், யுனிவர்சிட்டி ஆட்டத்துக்கும் 25 வயசு வரைக்கும்தான் அனுமதி, அதுக்கப்புறமும் வாழ்க்கை கெடக்கு, டிகிரிய முடின்னு நான் அவங்க அப்பா முன்னாலயே சொல்லிருவேன். அப்படிச் சொன்னதால ரெண்டு மூணு நல்ல பிளேயர் என் கைய விட்டுப் போனதுண்டு. போவட்டும்னு விட்டுட்டேன்.

நாங்குநேரி மாமா:

என் அக்கா மவன் இந்த வருசம் பிளஸ் டூ, உயரம் ஆறடி ஒண்ணு, ஆனா மூச்சு சீக்கிரம் வாங்குது. டிரையலுக்கு கூட்டிட்டு வரலாமா சார்? என்னெல்லாம் கொண்டு வரணும்?

பாளை கிரவுண்டு:

கண்டிப்பா கூட்டிட்டு வாங்க. மூச்சு ஆறு மாசத்துல சரியாயிரும், உயரம் என்னால குடுக்க முடியாது. பிறந்த சர்ட்டிபிகேட், ஆதார், மார்க் ஷீட்டு, ஸ்கூல் கேம்ஸ் ஆடியிருந்தா அந்த சர்ட்டிபிகேட் எல்லாத்தோடயும் ஒரிஜினல் எடுத்துகிட்டு ஜெராக்ஸும் போட்டுக்கோங்க. புது ஷூ அன்னிக்கு மாட்ட வேண்டாம், கால கடிக்கும், பழசே போதும். காலைல ரெண்டு இட்லிக்கு மேல குடுக்காதீங்க. அக்காவையும் முடிஞ்சா கூட்டிட்டு வாங்க, அவங்ககிட்ட நான் பேசணும்.