அவசர சிகிச்சைப் பிரிவில் பார்த்த நோயாளியின் முடிவு தெரியாமலே போவதை எப்படி ஏற்பது?

கேள்வி – பயிற்சி மருத்துவர், தக்கலை

மூத்த மருத்துவர்களுக்கு வணக்கம். என் பயிற்சி ஆண்டு முடியும் தறுவாயில் உள்ளது, எம்.டி. அவசர மருத்துவம் படிக்க விரும்புகிறேன். இரவுப் பணியையோ, சொந்தமாகக் கிளினிக் வைக்க முடியாதே என்ற அம்மாவின் கவலையையோ நான் பெரிதாக எண்ணவில்லை. என்னை உறுத்துவது வேறொன்று. சென்ற மாதம் களியக்காவிளைச் சாலையில் பைக்கிலிருந்து விழுந்த இளைஞர் ஒருவருக்கு மூச்சுக்குழாய் பொருத்த உதவினேன். ஸ்கேன் முடிந்ததும் அறுவை சிகிச்சைக்குக் கொண்டு சென்றார்கள்; அவர் பிழைத்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. இப்படிப் பாதியில் கைவிடுவதே வாழ்நாள் வேலையானால் அதில் மனம் நிலைக்குமா?

பதில் 1 – அவசர மருத்துவர், நாகர்கோவில்

தம்பி, இந்தியாவில் அவசர மருத்துவம் தனி மேற்படிப்பாக ஏற்கப்பட்டதே 2009-இல்தான். ஆகவே இந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு முன்னோடிகள் அதிகம் இல்லை. என் அனுபவத்தையே சொல்கிறேன்.

குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளியை விடியற்காலையில் கொண்டுவந்தார்கள். ரப்பர் தோட்டத்துச் சருகில் கால் வைத்தபோது பாம்பு கடித்திருக்கிறது. கணுக்காலுக்கு மேலே கயிற்றால் இறுகக் கட்டியிருந்தார்கள். உலர்ந்த புதிய கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி இரத்தம் எடுத்து, அசைக்காமல் இருபது நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்த்தேன். உறையாமல் தண்ணீரைப்போல ஓடியது. இரத்தத்தை உறையவிடாத கண்ணாடி விரியன் என்றே எண்ணிப் பத்துக் குப்பி விஷமுறிவு மருந்தைச் செலுத்தினேன். ஆறு மணி நேரம் கழித்தும் இரத்தம் உறையவில்லை. மேலும் மருந்து கொடுத்துத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினேன். என் பணிநேரம் முடிந்தது.

நான்கு நாள் கழித்து அந்த வார்டுக்கு நானாகச் சென்று விசாரித்தேன். அடித்துக் கொண்டுவந்த பாம்பின் படத்தை அவருடைய மைத்துனர் கைபேசியில் காட்டினார். மூக்கு நுனி மேல்நோக்கி வளைந்த, மலையோரத்தில் காணப்படும் குழிவிரியன் அது. நம்மிடம் உள்ள மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கு மட்டுமே தயாரிக்கப்படுவது, இதற்குப் பயன்படாது. சிறுநீரகம் பழுதுபட்டு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. பிறகு அவர் தேறி வீடு திரும்பினார். அன்று போகாமல் இருந்திருந்தால், அடுத்த தொழிலாளிக்கும் அதே எண்ணத்தோடு குப்பி குப்பியாக ஏற்றிக்கொண்டே இருந்திருப்பேன். இப்போது மலையோரத்திலிருந்து பாம்புக்கடி என்று வந்தால் பாம்பின் மூக்கைப் பற்றியும் கேட்கிறேன்.

முடிவை அறிவதும் நம் சிகிச்சையின் பகுதியே. அதை யாரும் நம்மிடம் கொண்டுவந்து தருவதில்லை, நாம்தான் தேடிச் செல்ல வேண்டும். உள்நோயாளி எண்ணையும் அன்று நான் நினைத்ததையும் ஒரு நோட்டில் எழுதிவைத்து, வாரம் ஒருமுறை வார்டுகளைச் சுற்றி வருகிறேன். பிழைக்காதவர்களின் பக்கங்களைத்தான் அதிகம் திருப்பிப் பார்க்கிறேன்.

பதில் 2 – செவிலியர், மார்த்தாண்டம்

டாக்டர் தம்பிக்கு ஒரு வார்த்தை. வார்டு செவிலியரைக் கேளுங்கள். எந்தப் படுக்கை எப்போது காலியானது, ஏன் காலியானது என்பது எங்களுக்குத் தெரியும். கேட்கும் மருத்துவர்கள் குறைவு என்பதால், கேட்பவரை நாங்கள் மறப்பதில்லை.

பதில் 3 – குளச்சல் வாசகர்

நான் மருத்துவத் துறையில் இல்லை. மீன்பிடித் தொழிலாளியான எங்கள் அப்பாவுக்கு, வலை இழுத்துவிட்டு வந்த இரவில் நெஞ்சுவலி வந்தது. வாயுத்தொல்லை என்று அவர் சாதித்தபோதும், பணியில் இருந்த இளம் மருத்துவர், நாங்கள் போன சில நிமிடங்களிலேயே ஈசிஜி எடுத்து, இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அங்கேயே போட்டு, அதன் பின்னரே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார். அப்பா மீண்டும் கடலுக்குப் போனார். இதை அந்த மருத்துவரிடம் சொல்ல இரண்டு முறை சென்றோம். சீட்டில் கையெழுத்து மட்டும் இருந்தது, பெயர் தெரியவில்லை, அவரும் மாற்றலாகிப் போயிருந்தார். நீங்கள் எங்களைத் தேடுவதைப்போல நாங்களும் உங்களைத் தேடுகிறோம். சீட்டில் பெயரைத் தெளிவாக எழுதுங்கள், தம்பி.