ஆன் ஃபிராங்க் வீட்டுக் காட்சியிலிருந்து சப்டைட்டில் பிந்துகிறது

நண்பர்களே, ‘தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்’ (2014) படத்துக்கு நாங்களே எழுதிய தமிழ் சப்டைட்டில் பாதிக்கு மேல் பொருந்த மாட்டேன் என்கிறது. வரும் சனிக்கிழமை மதுரையில் தோழி வீட்டு மாடியில் எல்லோரும் சேர்ந்து பார்க்கப்போகிறோம். எங்களில் ஒருத்திக்குக் காது கேட்காது. நாவலைப் பலமுறை படித்தவள், இந்தப் படத்துக்காக ரொம்ப நாளாகக் காத்திருக்கிறாள். அவளுக்காகத்தான் இவ்வளவும்.

விவரம்: கடையில் வாங்கிய டிவிடி, நொடிக்கு 25 ஃபிரேம். சப்டைட்டில் எஸ்ஆர்டி ஃபைல் (வசனமும் அது வரும் நேரமும் உள்ள எழுத்து ஃபைல்), நொடிக்கு 23.976 ஃபிரேம் கணக்கில் நேரம் குறித்தது. விண்டோஸ் 10 லேப்டாப், விஎல்சி பிளேயர்.

முதலில் போகப்போக வசனம் பின்தங்கியது. விஎல்சியில் ஜி, ஹெச் விசைகளால் நகர்த்தினேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி விலகியது. அப்புறம் ‘சப்டைட்டில் எடிட்’ என்ற மென்பொருளில் ஃபிரேம் ரேட்டை 25-க்கு மாற்றினேன். ஆம்ஸ்டர்டாம் வரை கச்சிதம். அங்கே அருங்காட்சியகமாக இருக்கும் ஆன் ஃபிராங்க் வீட்டில் நாயகி ஹேசல் ஆக்சிஜன் சிலிண்டரோடு செங்குத்தான படிகளில் மூச்சு வாங்க ஏறுகிறாளே, அங்கேதான் சிக்கல். அவள் ஏறிக்கொண்டிருக்க, கீழே முந்தைய காட்சியின் வசனம் ஓடுகிறது. அங்கிருந்து கடைசிவரை ஒரே அளவு தாமதம். படத்தின் உயிரே அந்தப் பிற்பாதிதான். ஒவ்வொரு வரியாகத் திருத்திப் பார்த்தேன், சனிக்குள் முடியாது. மொத்த ஃபைலையும் முன்னால் தள்ளினால் முதல் பாதி கெடுகிறது.

முதல் பாதியைத் தொடாமல், அந்தக் காட்சியிலிருந்து கடைசிவரை உள்ள வரிகளை மட்டும் ஒரேயடியாக முன்னால் நகர்த்த என்ன வழி?