19 வயதுப் பையனுக்குச் சப்போர்ட்டட் ஹவுசிங்: வாடகையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது

ஈஸ்ட்ஹாம் வாசி:
வணக்கம். லண்டனிலிருந்து எழுதுகிறேன். என் நண்பரின் மகனுக்கு 19 வயது. தகப்பனோடு ஏற்பட்ட பிணக்கில் வீட்டை விட்டுக் கிளம்பியவன், நான்கு மாதமாக நண்பர்கள் வீட்டுச் சோபாக்களில் மாறி மாறிப் படுத்துவருகிறான். கவுன்சில் (உள்ளூராட்சி) வழியாக இப்போது சப்போர்ட்டட் ஹவுசிங்கில், அதாவது பணியாளரின் ஆதரவோடு தங்கும் இல்லத்தில், ஓர் அறை கிடைக்கும் போலிருக்கிறது. ஆனால் அங்குள்ள வார வாடகை வெளியில் ஓர் அறை எடுப்பதைவிடவும் கூடுதல். சூப்பர்மார்க்கெட்டில் பகுதிநேர வேலை செய்யும் அவன், அங்கே போனபின் வேலையை விட்டுவிட்டு உதவிப்பணத்திலேயே தங்கிவிடுவானோ என்று அஞ்சுகிறேன். விவரம் அறிந்தவர்கள் சொல்லவும்.

இல்லப் பணியாளர்:
ஐயா, நான் இத்தகைய இல்லமொன்றில் வேலை செய்கிறேன். தளபாடம், பொது இடங்களின் பராமரிப்பு, கட்டட நிர்வாகம் எல்லாம் சேர்வதால்தான் அந்த வாடகை. வருமானம் குறைந்தவருக்கு அதன் பெரும்பகுதியை ஹவுசிங் பெனிபிட் என்ற அரசின் வாடகை உதவி ஏற்கும். சாப்பாடு, அறையின் மின்சாரம் போன்றவற்றுக்கான சிறு தொகையை மட்டும் அவரே கட்ட வேண்டும். பலருடைய வாடகைப் பாக்கி அந்தச் சிறு தொகையில்தான் தொடங்குகிறது. முதல் வாரத்திலிருந்தே அவன் கையால் கட்டச் சொல்லுங்கள். இல்லத்தில் நடக்கும் சமையல் வகுப்பெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இங்கிலாந்துச் சட்டப்படி, சோபாவில் படுப்பவரும் வீடற்றவரே. 2017ஆம் ஆண்டு வீடின்மைக் குறைப்புச் சட்டப்படி, அவருக்கு வீடு கிடைக்கக் கவுன்சில் 56 நாள் உதவ வேண்டும். ஆயினும் 16, 17 வயதினருக்குள்ள முன்னுரிமை 19 வயதில் தானாக வருவதில்லை. கிடைத்த அறையைத் தட்டிவிட்டால் இன்னொன்று எப்போது வருமென்று சொல்ல முடியாது.

முன்பு அங்கே இருந்தவன்:
உங்கள் அச்சம் வீணானதல்ல, அண்ணா. 2022இல் நான் அப்படியோர் இல்லத்தில் இருந்தபோது, சம்பாதித்த ஒவ்வொரு பவுண்டுக்கும் யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவிப்பணத்தில் 55 பென்ஸ் குறைந்தது. அது முழுவதும் நின்றபின் ஹவுசிங் பெனிபிட்டில் 65 பென்ஸ் குறையத் தொடங்கியது. வேலை நேரத்தைக் கூட்டிய மாதத்தில் கையில் மிஞ்சியதைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அங்கிருந்தவர்களில் சிலர் வேலையையே விட்டார்கள். அதைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு மனம் வராது. பகுதிநேரத்தைத் தொடரலாம், ஆனால் நேரத்தைக் கூட்டுமுன் பணியாளரோடு உட்கார்ந்து கணக்குப் போடட்டும்.

இல்லப் பணியாளர்:
இன்னொன்று. 35 வயதுக்குட்பட்ட தனியாள் தனியார் வீட்டுக்குப் போனால், பகிர்வு வீட்டில் ஓர் அறைக்குரிய தொகைதான் வாடகை உதவியாகக் கிடைக்கும். ஆனால் வீடற்றோர் ஹொஸ்டலில் (அவன் போகும் இல்லமும் அதில் அடங்கலாம்) மூன்று மாதமாவது தங்கி, அங்கு தரப்படும் ஆதரவையும் ஏற்றவருக்கு ஒரு படுக்கையறை வீட்டுக்குரிய தொகை உண்டு. 2021இலிருந்து இது 25 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் பொருந்துகிறது.

ஈஸ்ட்ஹாம் வாசி:
மிக்க நன்றி. அந்த மூன்று மாதமும் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டுமா?

இல்லப் பணியாளர்:
இல்லை, வெவ்வேறு ஹொஸ்டல்களில் இருந்த காலத்தையும் கூட்டலாம். ஆனால் தனிச் சமையலறை, குளியலறையோடு கூடிய ஸ்டூடியோ இந்தக் கணக்கில் வராது. ஆகவே கையெழுத்திடுமுன் அறை எப்படிப்பட்டதென்று கேளுங்கள். வெளியேறும்போது தங்கிய தேதிகளை எழுதிய கடிதமொன்றை மறவாமல் வாங்கட்டும்.