கடைவாய்ப் பல் அடைப்பு: யாருக்கு எது எத்தனை வருஷம் நின்றது?

எனக்குக் கீழ்க் கடைவாயில் இரண்டு அடைப்பு. இடப்பக்கம் இருப்பது கல்லூரியில் படிக்கும்போது வைத்த வெள்ளி அடைப்பு, அதாவது அமால்கம். இருபது வருஷம் தாண்டிவிட்டது. கறுத்திருக்கிறதே தவிர அசையவில்லை. வலப்பக்கம் பல் நிறத்தில் வைத்த காம்போசிட் ஏழெட்டு வருஷத்தில் போய்விட்டது. மேலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் நூலை விட்டால் எப்போதும் ஒரே இடத்தில் பிசிறு பிசிறாக வந்தது. எக்ஸ்ரேயில் அடைப்புக்குக் கீழே, ஈறை ஒட்டிய ஓரத்தில் ஒரு கறுப்புக் கீற்று. பழைய அடைப்பின் ஓரத்தில் புதுச் சொத்தை.

இதை வைத்து வெள்ளிதான் உசத்தி என்று சொல்லிவிட முடியாது. இடப்பக்கக் குழி பல்லின் மேல்பரப்போடு நின்றது. வலப்பக்கம், பக்கத்துப் பல்லை ஒட்டிய சுவரும் போயிருந்தது. குழி பெரிதாகப் பெரிதாக எந்தப் பொருளானாலும் ஆயுள் குறையும். உங்கள் அனுபவத்தைச் சொல்லும்போது குழியின் அளவையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

*

பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறேன். பக்கத்தில் நின்று பார்த்ததைச் சொல்கிறேன். காம்போசிட்டுக்கு ஈரம் ஆகவே ஆகாது. அமில ஜெல் தடவிக் கழுவி, உலர்த்தி, ஒட்டும் திரவம் பூசும் அந்தச் சில நிமிஷத்தில் எச்சிலோ ஈறிலிருந்து கசியும் ரத்தமோ பட்டால் பிடிப்பு பலவீனமாகிவிடும். நீல ஒளியில் இறுகும்போது அது கன அளவில் 2 முதல் 3 சதவீதம் வரை சுருங்கவும் செய்யும். அதனால்தான் 2 மி.மீ. அளவுக்கு அடுக்கடுக்காக வைத்து ஒவ்வொன்றுக்கும் விளக்குக் காட்டுகிறோம். பல்க் ஃபில் என்ற வகையை 4 மி.மீ. வரை ஒரே தடவையில் வைக்கலாம். கடைசிப் பல் என்றால் நாக்கு, கன்னம், எச்சில் மூன்றோடும் மல்லுக்கட்ட வேண்டும். ரப்பர் டேம், அதாவது அந்தப் பல்லை மட்டும் வெளியே விட்டு எச்சிலைத் தடுக்கும் ரப்பர் விரிப்பை மாட்டினால் சிரமம்தான், தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள். அடைப்பு நிலைப்பதற்கு அது அவ்வளவு உதவும். வெள்ளி கொஞ்சம் ஈரத்தைத் தாங்கிக்கொள்ளும்.

*

எனக்கு வெள்ளி நின்றது, பல் நிற்கவில்லை. அமால்கம் தானாகப் பல்லோடு ஒட்டாது. குழியை உள்ளே அகலமாகக் குடைந்து, அந்தப் பிடிமானத்தில் நிற்க வைக்கிறார்கள். என்னுடையது பெரிய அடைப்பு, மிச்சமிருந்த சுவர் மெல்லியது. ஒருநாள் மெல்லும்போது நாக்குப் பக்கத்து முனை அப்படியே பெயர்ந்து வந்தது. அடைப்பு இருந்த இடத்திலேயே இருந்தது! நல்லவேளை, முறிவு நரம்பு வரை போகவில்லை, கேப் போட்டதோடு முடிந்தது. குழி பெரிது என்றால் பல்லின் முனைகளையும் சேர்த்து மூடும் ஆன்லே அல்லது கேப் பற்றி முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

*

என் அம்மாவுக்குச் சாப்பிடும் மாத்திரைகளால் வாய் உலர்ந்துபோகும். ஈறோரமாக வந்த சொத்தைக்குக் கிளாஸ் அயனோமர் வைத்தார்கள். அது பல்லோடு தானே ஒட்டும், ஃப்ளூரைடும் கசியும். அங்கே சொத்தை திரும்பவில்லை. மெல்லும் பரப்பில் வைத்தது மட்டும் சில வருஷத்தில் தேய்ந்து பள்ளமாகிவிட்டது.

*

முதலில் எழுதியவன்தான். வெள்ளியில் பாதரசம் இருக்கிறதே, எடுத்துவிடலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி 1 முதல், சில விதிவிலக்குகள் நீங்கலாக, அதைப் புதிதாக வைப்பதை நிறுத்தியதற்கு முக்கியக் காரணம் சுற்றுச்சூழல். நன்றாக இருக்கும் அடைப்பைத் தேவையில்லாமல் பெயர்க்க வேண்டாம் என்றுதான் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020-இல் சொன்னது. பெயர்க்கும்போது பாதரச ஆவி கூடும், நல்ல பல்லும் கொஞ்சம் போகும்.

வெள்ளியைவிடக் காம்போசிட் தோற்பது கிட்டத்தட்ட இரு மடங்கு என்று, மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2014 ஆய்வுத் தொகுப்பைப் பலர் காட்டுகிறார்கள். அந்தக் கணக்கு, சிறுவர்களின் நிலைத்த பற்களில் நடந்த இரண்டு சோதனைகளிலிருந்து வந்தது. அதை அப்படியே பெரியவர்களுக்குப் பொருத்த எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அங்கேயும் முக்கியக் காரணம் ஓரத்தில் வந்த சொத்தைதான். என் பல்லில் நடந்ததும் அதுவே.

வலப்பக்கம் மறுபடியும் காம்போசிட்தான் வைத்துக்கொண்டேன், இந்த முறை ரப்பர் டேமோடு. கடித்துப் பார்க்கும் நீலத் தாளில் உயரம் சரியாக வரும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. தூக்கத்தில் பல்லை நறநறவெனக் கடிப்பவர்கள் இங்கே இருந்தால், இரவில் பல்லின் மேல் மாட்டும் உறையான நைட் கார்டு போட்ட பிறகு அடைப்பு எப்படித் தாங்குகிறது என்று எழுதுங்கள்.