விடுமுறைக்குப் பின் வலையில் இணையாத சன் அல்ட்ரா 5 (சொலாரிஸ் 8)

ஆய்வக உதவியாளர், மேலூர் சாலை:

மதுரைக்கு வெளியே உள்ள ஒரு கல்லூரியின் வேதியியல் துறையில் பணிபுரிகிறேன். எங்கள் என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) கருவியை இயக்குவது சொலாரிஸ் 8 இயங்குதளம் நிறுவப்பட்ட, சன் நிறுவனத்தின் ஒரு பழைய அல்ட்ரா 5 கணினி. கருவியின் மென்பொருள் இந்தக் கணினியில் மட்டுமே ஓடும் என்பதால் வேறு கணினிக்கு மாறும் வழி எங்களுக்கு இல்லை. சித்திரைத் திருவிழாவை ஒட்டிக் கோடை விடுமுறை விட்டபோது எல்லாவற்றையும் அணைத்து மின்னிணைப்பையும் எடுத்துவிட்டுச் சென்றோம். அந்த இடைவெளியில் கட்டடத்தில் இருந்த பழைய சுவிட்சை அகற்றிவிட்டுப் புதிய கிகாபிட் சுவிட்ச் பொருத்தியிருக்கிறார்கள். துறை திறந்ததிலிருந்து ஆய்வு மாணவர்களின் தரவுக் கோப்புகளைச் சர்வருக்கு அனுப்ப முடியவில்லை.

கேபிளைச் செருகியதும் சுவிட்சில் பச்சை விளக்கு எரிகிறது. அதே கேபிளை மடிக்கணினியில் செருகினால் அது உடனே இணைகிறது. வலை அமைப்பைக் காட்டும் ஐஎஃப்கான்ஃபிக் கட்டளை கொடுத்தால் எச்எம்இ0 என்ற வலை இடைமுகம் 192.168.1.20 என்ற பழைய முகவரியோடு இயக்கத்தில் இருப்பதாகவே காட்டுகிறது. ஆனாலும் அதே வலையில் உள்ள 192.168.1.1 முகவரிக்குப் பிங் அனுப்பினால் பதில் வருவதில்லை. இவற்றோடு, கணினியின் தேதி தவறாக இருக்கிறது. தானாகத் துவங்காமல் ஒவ்வொரு முறையும் 'பூட் டிஸ்க்' என்று தட்டச்சு செய்ய வேண்டியிருக்கிறது. கருவியின் மென்பொருளோ உரிமம் செல்லாது என்று சொல்லித் திறக்க மறுக்கிறது. இவை வேறு வேறு கோளாறுகளா என்று தெரியவில்லை. சொலாரிஸை மறுபடியும் நிறுவிவிடலாம் என்று துறையில் சொல்கிறார்கள். அதற்கு முன் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

திருமங்கலம் வாசகர்:

ஐயா, தயவுசெய்து மறுபடி நிறுவ வேண்டாம். வட்டில் உள்ள எதுவும் கெட்டதற்கான அறிகுறி நீங்கள் எழுதியதில் இல்லை. நிறுவிவிட்டால் கருவிக்கான அமைப்புகளும் பழைய பதிவுகளும் போய்விடும். நீங்கள் ஐஎஃப்கான்ஃபிக் கட்டளையைச் சாதாரணப் பயனராகக் கொடுத்திருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். சொலாரிஸில் ரூட் (நிர்வாகி) பயனராகக் கொடுத்தால் மட்டுமே 'ஈதர்' என்று தொடங்கும் மற்றொரு வரி வரும். அந்த வரியில் இருப்பது கணினியின் ஈதர்நெட் முகவரி. அதைப் பார்த்து எழுதுங்கள். ஒரே வலைக்குள்ளேயே பிங் போகவில்லை என்பதால் டிஎன்எஸ், ரவுட்டர் அமைப்புகள் எதையும் இப்போது தொடத் தேவையில்லை.

பழைய சன் பராமரிப்பாளர், பழங்காநத்தம்:

மேலே சொன்ன வரி மிக முக்கியமானது. ரூட் பயனராகப் பார்த்தால் அங்கே எல்லா இடங்களிலும் எஃப் எழுத்தே இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். கணினியை இயக்கியதும் வெள்ளைத் திரையில் வரும் அறிமுக வரிகளிலும் 'ஐடிப்ராம்' (கணினியின் அடையாள விவரங்கள்) உள்ளடக்கம் செல்லாது என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும்.

தேதி, துவக்கம், உரிமம், வலை ஆகிய நான்கும் ஒரே கோளாறு. சன் கணினிகளில் ஈதர்நெட் முகவரி வலை அட்டையில் எழுதப்பட்டிருப்பதை விட, தாய்ப்பலகையில் உள்ள என்விராம் என்ற நினைவகச் சிப்பிலிருந்தே வழக்கமாக எடுத்துக்கொள்ளப்படும். அதே சிப்தான் கடிகாரத்தையும், துவக்க அமைப்புகளையும், மென்பொருள் உரிமங்கள் சரிபார்க்கும் ஹோஸ்ட் ஐடி என்ற கணினி அடையாள எண்ணையும் வைத்திருக்கிறது. சிப்புக்குள்ளேயே ஒரு சிறிய பேட்டரி அடைக்கப்பட்டுள்ளது. கணினிக்கு மின்சாரம் வந்துகொண்டிருக்கும்வரை அது செத்திருப்பது வெளியே தெரியாது. பல வாரங்கள் மின்சாரம் இல்லாமல் கிடந்தபோது உள்ளிருந்த எல்லாமே அழிந்திருக்கிறது. எஃப் மட்டுமே கொண்ட முகவரி, வலையில் உள்ள அனைவரையும் குறிக்கும் முகவரி. அனுப்புநரின் முகவரியாக அது வருவது நெறிமுறைப்படி செல்லாது என்பதால், உங்கள் கணினி அனுப்புவதைச் சுவிட்ச் கைவிட்டுவிடும். விளக்கு எரிவது மின்னிணைப்பை மட்டுமே காட்டும்.

பழைய முகவரியைக் கண்டுபிடிப்பதே முதல் வேலை. ஏதோ ஒரு எண்ணை இட்டாலும் பிங் போகும், ஆனால் உரிமம் திறக்காது. /var/adm அடைவில் உள்ள 'மெசேஜஸ்' கோப்பிலும் அதன் பழைய படிகளிலும் தேடுங்கள். ஒவ்வொரு துவக்கத்தின்போதும் ஈதர்நெட் முகவரி அங்கே எழுதப்படுகிறது. 8:0:20 என்று தொடங்குவது சன் நிறுவனத்துக்கு உரியது. உரிமக் கோப்பில் எட்டு இலக்க ஹோஸ்ட் ஐடி இருக்கும். வழக்கமாக அதன் கடைசி ஆறு இலக்கங்களும் ஈதர்நெட் முகவரியின் கடைசி ஆறு இலக்கங்களும் ஒன்றாகவே இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டு உறுதிசெய்யுங்கள்.

கிடைத்த எண்ணை, இயங்குதளம் துவங்கும் முன் வரும் 'ஓகே' என்ற நிலையில் எம்கேபி கட்டளையால் எழுத வேண்டும். மொத்தம் பதினாறு பைட்டுகள், எல்லாம் பதினாறடிமான எண்கள். முதலாவதில் 1, இரண்டாவதில் கணினி வகையைக் குறிக்கும் 80, அடுத்த ஆறில் ஈதர்நெட் முகவரி, அடுத்த நான்கில் தயாரிப்புத் தேதி, அடுத்த மூன்றில் ஹோஸ்ட் ஐடியின் கடைசி ஆறு இலக்கங்கள், கடைசியில் முந்தைய பதினைந்தையும் எக்ஸ்ஓஆர் செய்து வரும் சரிபார்ப்பு எண். தேதிக்குப் பூஜ்யம் இட்டாலும் இயங்கும். சரிபார்ப்பு எண் தவறினால் முழுவதும் செல்லாததாகிவிடும்.

ஆய்வக உதவியாளர்:

ஐயா, நீங்கள் சொன்னபடியே எல்லா இடங்களிலும் எஃப் எழுத்துதான் இருந்தது. பழைய மெசேஜஸ் கோப்பில் கிடைத்த முகவரி உரிமக் கோப்போடு பொருந்தியது. எழுதியபின் பிங் போகிறது, கருவியின் மென்பொருளும் திறந்துவிட்டது. மிக்க நன்றி. ஆனால் எஃப்டிபி வழியாகப் பெரிய கோப்பை அனுப்பினால் சற்று நகர்ந்து நின்றுவிடுகிறது. நெட்ஸ்டாட் கட்டளையில் உள்வரும் பிழைகள் ஏறிக்கொண்டே போகின்றன. மோதல்களின் எண்ணிக்கை பூஜ்யமாகவே இருக்கிறது.

திருமங்கலம் வாசகர்:

இது சுவிட்ச் மாற்றியதால் வந்தது. ஈடிசி அடைவில் உள்ள 'சிஸ்டம்' கோப்பைத் திறந்து, எச்எம்இ இடைமுகத்தின் தானியங்கு இசைவை (இரு முனைகளும் வேகத்தையும் முறையையும் தாமே பேசி முடிவுசெய்வது) நிறுத்தி 100 மெகாபிட் முழு இருவழிக்குக் (ஒரே நேரத்தில் அனுப்புவதும் பெறுவதும்) கட்டாயப்படுத்தும் வரிகள் உள்ளனவா என்று பாருங்கள். 1990களின் இறுதியில் இசைவு சரியாக அமையாத கருவிகள் பல இருந்ததால், அவ்வாறு எழுதிவைப்பது அக்காலத்தில் நியாயமான வழக்கம். இப்போது அதுவே தடையாகிறது. ஒரு முனை இசைவுக்கு வராதபோது எதிர்முனை வேகத்தை மட்டுமே கண்டறிய முடியும், இருவழித் தன்மையை அறிய முடியாது. எனவே சுவிட்ச் அரை இருவழியில் (ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்) நின்றுகொள்ளும். உங்கள் கணினி எந்நேரமும் அனுப்பலாம் என்று அனுப்ப, சுவிட்ச் அதை மோதலாகக் கருதித் தன் பொதியைப் பாதியில் நிறுத்திவிடும். அந்தப் பாதிப் பொதிகளே நீங்கள் காணும் உள்வரும் பிழைகள். பிங் சிறியது, ஒன்று போய் ஒன்று வருவது என்பதால் தப்பிவிடுகிறது.

அந்த வரிகளின் முன் நட்சத்திரக் குறி இட்டுக் குறிப்புரையாக்கிவிட்டு மறுதுவக்கம் செய்யுங்கள். அதற்கு முன் கோப்பின் படி ஒன்றை எடுத்துவைத்துக்கொள்வது நல்லது. துவங்கியபின் இடைமுகத்தின் அமைப்பைக் காட்டும் என்டிடி கட்டளையால் 'லிங்க் மோட்' என்பதைக் கேட்டால் 1 என்று வரவேண்டும். 0 என்றால் இன்னும் அரை இருவழிதான்.

பழைய சன் பராமரிப்பாளர்:

மறுதுவக்கம் மென்பொருள் வழியாகவே நடக்கட்டும். மின்சாரத்தை நிறுத்தினால் எம்கேபி வழியாக எழுதியது உடனே அழிந்துவிடும். புதிய சிப் வரும்வரை கணினியை யுபிஎஸ் இணைப்பிலேயே வைத்திருங்கள், நம் ஊர் மின்தடைக்கு அது அவசியம். அல்ட்ரா 5 கணினியில் இந்தச் சிப் சாக்கெட்டில்தான் செருகப்பட்டிருக்கிறது, பற்றவைக்கும் வேலை இல்லை. வாங்கும்போது மேலே அச்சிடப்பட்ட தயாரிப்பு ஆண்டைக் கேட்டு வாங்குங்கள். கிடங்கில் நெடுங்காலம் கிடந்த சிப்பின் பேட்டரி, பயன்படுத்தாமலே தீர்ந்திருக்கும். எழுதிய பதினாறு எண்களையும் ஒரு தாளில் எழுதி, கணினியின் உறைக்குள் ஒட்டிவையுங்கள்.