லீஃப்ஸ் அணியால் வாய்த்த ஒரு சந்திப்பு: மறக்க முடியாததைப் பகிருங்கள்

மார்க்கம் வீதியான்

2013 மே 13ஆம் திகதி இரவைப் பற்றி இங்குள்ளவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அப்போது நான் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, கிண்ணத்துக்கான பிளேஓஃப் சுற்றுக்கு வந்த நம் பனி ஹொக்கி அணியான டொரொன்ரோ மேப்பிள் லீஃப்ஸ், பொஸ்டனுக்கு எதிரான ஏழு ஆட்டத் தொடரில் மூன்றுக்கு ஒன்று என்று பின்தங்கியிருந்து, அடுத்த இரண்டு ஆட்டங்களையும் வென்று, ஏழாவது ஆட்டத்தின் மூன்றாம் பகுதியில் நான்குக்கு ஒன்று என்று முன்னால் நின்றது. அந்த நேரத்தில் யூனிவர்சிற்றி அவெனியூவில் ஒரு மருத்துவமனை வாசலில் ஒரு முதியவர் ஏறினார். வானொலியில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் முன்னால் சாய்ந்து, என் இருக்கையின் தோளில் கை வைத்து, அதை நிறுத்திவிடுமாறு கேட்டார். அவருடைய தொப்பியில் மேப்பிள் இலை இருந்ததால் எனக்கு வியப்பாக இருந்தது, ஆனாலும் நிறுத்தினேன்.

டொன்வலி பார்க்வே வழியாக ஸ்காபரோவுக்குப் போகும் வரை, நம் அணி கடைசியாகக் கிண்ணத்தை வென்ற 1967இல், அதன் பழைய அரங்கான மேப்பிள் லீஃப் கார்டன்ஸில் தாம் நின்றிருந்த இடத்தைப் பற்றி மட்டுமே அவர் பேசினார். கடைசி நிமிடத்தில் அணித்தலைவர் ஜோர்ஜ் ஆம்ஸ்ட்ரோங் மொன்றியலின் வெற்று வலைக்குள் பக்கை (ஆடும் வட்டை) அனுப்பியதை, நேற்று நடந்ததைப்போலச் சொன்னார். கிங்ஸ்டன் வீதிக்கு அருகே அவருடைய வீட்டு வாசலில் கட்டணத்தைப் பெற்றுக்கொண்டேன். அவர் ஒரு காலை நிலத்தில் வைத்துவிட்டார். பொறுக்கமாட்டாமல், அவர் கதவைச் சாத்துவதற்கு முன்பே நான் வானொலியைப் போட்டுவிட்டேன். ஆட்டம் நான்குக்கு நான்கு என்று அறிவிப்பாளர் கத்தினார்.

அவர் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றார். என்மீது கோபப்படவில்லை. இரவு வணக்கம் சொல்லிவிட்டு, பிள்ளை உறங்கும் அறையின் கதவைச் சாத்துவதைப்போல மெதுவாகச் சாத்தினார். மேலதிக நேரத்தில் பொஸ்டனின் பெர்ஜெரோன் அடித்த ஐந்தாவது கோலை நான் அவருடைய வீட்டு வாசலிலேயே கேட்டேன். தோற்றதை நான் எப்போதோ தாங்கிக்கொண்டுவிட்டேன், அந்தக் கதவைத்தான் இன்னும் தாங்க முடியவில்லை.

வெலஸ்லி மகள்

அண்ணா, உங்களுடைய கதவைப் படித்ததும் எங்கள் வீட்டுக் கதவு நினைவுக்கு வந்தது.

நாங்கள் 1992இல் வந்து சென்ற் ஜேம்ஸ் ரவுணில் ஒரு மாடிக் குடியிருப்பில் இருந்தோம். கார்டன்ஸ் அரங்கு அங்கிருந்து நடந்துபோகும் தூரம்தான். ஆனால், அந்தக் கட்டடத்துக்குள் என்ன நடக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. 1993 மே 27ஆம் திகதி, லொஸ் ஏஞ்சலிஸில் அந்நகர அணியுடன் லீஃப்ஸின் ஆறாவது பிளேஓஃப் ஆட்டம் நடந்த அதே இரவில், எல்லோரும் படுத்த பிறகு, எங்கள் கதவை யாரோ இரு கைகளாலும் தட்டினார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களுக்கு இரவில் கதவு தட்டப்படுவதன் பொருள் ஒன்றுதான். அம்மா விளக்கை அணைத்துவிட்டு, தம்பியின் வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா தாழ்ப்பாளில் கை வைத்தபடி திறக்காமல் நின்றார். தட்டல் நின்று, பிறகு அழுகைச் சத்தம் கேட்டது. அதன் பின்னர்தான் திறந்தார்.

எதிர்வீட்டு மூதாட்டி நீலச் சட்டையோடு நின்றார். அவர் சொன்னவற்றில் 'இரத்தம்' என்ற சொல் மட்டும் அப்பாவுக்கு விளங்கியது. யாருக்கோ காயம் என்று எண்ணி, டோர்ச்சை எடுத்துக்கொண்டு நடைபாதையின் கடைசிவரை போய்ப் பார்த்தார். மூதாட்டி அவருடைய கையைப் பிடித்துத் தம் வீட்டுக்குள் அழைத்துச் சென்று தொலைக்காட்சியைக் காட்டினார். லொஸ் ஏஞ்சலிஸின் கிரெட்ஸ்கியின் மட்டை நம் கில்மோரின் நாடியை (முகவாயை) கிழித்ததையும், நடுவர் அதைத் தவறென்று கையை உயர்த்தாததையும் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தார்கள். வெளியேற்றப்பட்டிருக்க வேண்டிய அதே கிரெட்ஸ்கி மேலதிக நேரத்தில் வெற்றிக் கோலை அடித்தார் என்பதும், மட்டை பட்டதைத் தாம் பார்க்கவில்லை என்று நடுவர் கெரி ஃப்ரேசர் பின்னாளில் சொன்னார் என்பதும், அன்று வென்றிருந்தால் இறுதிப் போட்டியில் மொன்றியலைச் சந்தித்திருப்போம் என்பதும் எனக்கு வளர்ந்த பிறகுதான் தெரியும். அன்றைக்கு பதினொரு வயதில் நான் பார்த்தது, நாடியில் இரத்தம் வழியும் ஒரு மனிதரையும், அவருக்காக அழும் ஒரு கிழவியையும்தான். அன்றிலிருந்து நான் லீஃப்ஸ் பக்கம்.

மறுநாள் அவர் கேக் ஒன்றைச் செய்து கொண்டுவந்து, சத்தம் போட்டதற்காக மன்னிப்புக் கேட்டார். பிறகு ஒருநாளும் எங்கள் கதவைத் தட்டவில்லை. நாங்கள் திறக்கத் தாமதித்தது அவர்மேல் கொண்ட வெறுப்பால் அன்று என்பதை ஆங்கிலத்தில் சொல்லும் அளவுக்கு நான் தேறியபோது அவர் வீடு மாறிப் போய்விட்டார். கார்டன்ஸின் கீழ்த்தளம் இப்போது லொப்லோஸ் மளிகைக் கடை. ஆடுதளத்தின் நடுப்புள்ளி இருந்த இடத்தில் தரையில் ஒரு சிவப்பு வட்டம் போட்டிருக்கிறார்கள். அங்கே பால் வாங்கப் போகும்போதெல்லாம் அந்த வட்டத்தை மிதிக்காமல் சுற்றிப் போகிறேன்.

நீலவெள்ளை 93

மார்க்கம் வீதியான் அண்ணா, குறை நினைக்க வேண்டாம். வானொலியைப் போட்டால் தோற்போம், நிறுத்தினால் வெல்வோம் என்ற சகுன நம்பிக்கை அந்த முதியவருக்கு இருந்திருக்கலாம். அதற்காக நீங்கள் இத்தனை ஆண்டுகள் வருந்துவது பொருந்தாது. கடைசி இரண்டு கோல்களும் பொஸ்டன் தன் கோல்காப்பாளரை வெளியே எடுத்து ஆறாவது தாக்குநரை இறக்கிய பிறகு, 31 வினாடி இடைவெளியில் விழுந்தவை. சமநிலைக் கோல் விழுந்தபோது பொஸ்டனின் ஆறடி ஒன்பது அங்குல உயரமுள்ள சாரா நம் கோல்காப்பாளர் ரைமருக்கு முன்னால் சுவராக நின்றார். அவரை அங்கிருந்து நகர்த்த முடியாததுதான் காரணம், உங்கள் வானொலி அன்று.

என் அனுபவம் சிறியது. 2020 பெப்ரவரி 22ஆம் திகதி மகனுடன் அரங்கில் இருந்தேன். கரோலினா அணியின் இரு கோல்காப்பாளர்களும் (அவர்களில் ஒருவர் அதே ரைமர்) காயமடைந்ததால், டேவிட் அயர்ஸ் என்ற 42 வயதுக்காரர் அவசரக் கோல்காப்பாளராக இறங்கினார். பழைய கார்டன்ஸ் கட்டடத்தின் மேல்தளத்தில் உள்ள பனித்தளத்தை அப்போது பராமரித்தவர், தாயின் சிறுநீரகத்தால் உயிர் பிழைத்தவர். முதல் இரண்டு பக்குகளை விட்டார், அடுத்த எட்டையும் தடுத்தார். ஆறுக்கு மூன்று என்று நாம் தோற்றோம். நான் எழுந்து நின்று அவருக்குக் கைதட்டினேன். ஒன்பது வயது மகன் அழுதபடி, "அப்பா, நீங்கள் யார் பக்கம்?" என்று கேட்டான்.

இதிலிருந்து பெற்றோருக்குச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். பிள்ளைகளை நேரே பெரிய அரங்குக்கு அழைத்துச் செல்லாதீர்கள். அங்கே ஓர் இருக்கைக்குக் கொடுக்கும் பணத்தில் லீஃப்ஸின் துணை அணியான மார்லீஸ் அணியின் ஆட்டத்துக்குக் குடும்பமாகவே போய்வரலாம். அந்த அணி 2018இல் கோல்டர் கிண்ணத்தை வென்றது என்பதால், பிள்ளைகள் வெற்றி என்பதையும் ஒருமுறை கேள்விப்படுவார்கள். பாவித்த சறுக்குக் காலணி ஒன்றை வாங்கிக் கொடுத்து, மாநகரசபையின் பனித்தளத்தில் முதலில் விழுந்தெழப் பழக்குங்கள். தானே விழுந்த பிள்ளைதான் அந்த வேகத்தில் திரும்புவது எத்தனை கடினம் என்பதை உணரும். ஆட்டம் பார்க்கும்போது பக்கைத் துரத்திப் பார்க்க வேண்டாம் என்றும், பக் இல்லாத ஆட்டக்காரர் எந்த இடைவெளிக்குப் போகிறார் என்று பார்க்குமாறும் சொல்லிக்கொடுங்கள். தோற்ற இரவில் வீடு திரும்பும் வழியில் தோல்வியைப் பற்றிப் பேசாதீர்கள், முதலில் சாப்பிடக் கொடுங்கள். 1967க்குப் பிறகு கிண்ணம் வராததைப் பற்றிப் பத்து வயதுக்கு முன் சொல்லவே வேண்டாம், அது பெரியவர்களின் சுமை. கடைசியாக, எதிரணியில் ஒருவர் நன்றாக ஆடினால் கைதட்டலாம் என்பதை ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே சொல்லி வையுங்கள்.

மாலைப் பணி

நான் ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்புப் பணியாளராக இருக்கிறேன். அங்கிருந்த ஓர் ஐயாவுக்கு எப்போதும் 1967தான். மாலையில் மருந்து கொடுக்கப் போனால், "இன்றிரவு கோலில் யார்?" என்று கேட்பார். முதல் தடவை இப்போதைய கோல்காப்பாளரின் பெயரைச் சொன்னேன், அவர் கலங்கிப்போனார். 1967இன் கோல்காப்பாளர்களான ஜோனி பவர் அல்லது டெரி சாவ்சுக் என்று சொல்லுமாறு உடன் வேலை செய்பவர் சொல்லித்தந்தார். அதன்பிறகு நான் அந்த அணியையே பாடமாக்கினேன். வந்த புதிதில் ஆறு ஆண்டுகள் ரிம் ஹோர்ட்டன்ஸ் கடையில் கோப்பி ஊற்றியிருக்கிறேன். அந்தப் பெயருடையவர் அதே 1967 அணியின் தடுப்பாட்டக்காரர் என்பதை இந்த ஐயாவிடம்தான் அறிந்தேன்.

மறுநாள் "வென்றார்களா?" என்று கேட்பார். வென்றார்கள் என்றே எப்போதும் சொன்னேன். 2023 ஏப்ரல் 29ஆம் திகதி ரம்பாவில் அந்நகர அணியுடனான ஆறாவது ஆட்டத்தின் மேலதிக நேரத்தில் நம் தவாரெஸ் கோல் அடித்தார். 2004இல் ஒட்டாவாவை வென்ற பிறகு, ஒரு பிளேஓஃப் தொடரை நாம் வென்றது அன்றைக்குத்தான். இரட்டைப் பணியில் நின்ற நான், அவர் விழித்திருப்பதைப் பார்த்து, ஓடிப்போய்க் கையைப் பிடித்து, "ஐயா, வென்றுவிட்டார்கள், உண்மையாகவே வென்றுவிட்டார்கள்" என்றேன். அவர் என் முகத்தை நெடுநேரம் பார்த்தார். "நீ தினமும் அப்படித்தான் சொல்கிறாய், பிள்ளை" என்றார்.

அப்படியானால், அத்தனை நாளும் நான் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரிந்திருந்ததா? கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அடுத்த மாலையும், கோலில் யார் என்று கேட்டார். சாவ்சுக் என்றேன்.

வெலஸ்லி மகள்

நீலவெள்ளை அண்ணா, உங்கள் அறிவுரைகள் பலருக்குப் பயன்படலாம். ஆனால், பத்து வயதுக்கு முன் பிள்ளையிடம் தோல்வியை மறைக்க வேண்டும் என்பதை நான் ஏற்கமாட்டேன். தோல்வியைக் கண்டுதான் நான் இந்த அணிக்கு வந்தேன், வெற்றியைக் கண்டிருந்தால் அந்தக் கிழவியின் அழுகை எனக்கு விளங்கியிருக்காது. மகன் கேட்ட கேள்விக்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்பதை எழுதவில்லையே? மாலைப் பணி அக்கா, நீங்கள் சாவ்சுக் என்று சொன்னது சரி.

மார்க்கம் வீதியான்

நீலவெள்ளை தம்பி, சாராவைப் பற்றி நீங்கள் எழுதியது முழுவதும் சரி. சகுனத்தைப் பற்றி எழுதியதுதான் சரியன்று. அந்த முதியவர் காரணம் சொல்லித்தான் வானொலியை நிறுத்தச் சொன்னார். அது அவருடைய சொந்த விடயம் என்பதால் முதலில் எழுதாமல் விட்டேன். இப்போது அவரைத் தவறாக நினைக்கிறீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

மருத்துவமனையில் அவருடைய மனைவி இருந்தார். இருவரும் அந்த அறையில் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். நான்காவது கோல் விழுந்ததும் மனைவி சிரித்துவிட்டு, அப்படியே உறங்கிப்போனாராம். "அவள் நான்குக்கு ஒன்றில் உறங்கிவிட்டாள். மிச்சத்தை நாளைக் காலையில் செய்தித்தாளை வாங்கிக்கொண்டு போய் இருவருமாகத் தெரிந்துகொள்வோம், அதுவரை எனக்கும் தெரிய வேண்டாம்" என்று அவர் சொன்னார்.