வேறு சந்தைக்குப் போன 400 பங்கு நாஸ்டாக் ஃபீடில் ஏன் இல்லை?

சில்லறைக்காரன்:

அமெரிக்கப் பங்குகளுக்கு, எந்த எக்ஸ்சேஞ்சுக்கு எந்த ரூட்டில் அனுப்புவது என்று நாமே தேர்ந்தெடுக்க விடும் ஒரு புரோக்கரிடம் கணக்கு வைத்திருக்கிறேன். நாஸ்டாக் எக்ஸ்சேஞ்சின் டோட்டல்வியூ டேட்டா ஃபீடையும் ஒரு வெண்டரிடம் தனியாகக் காசு கொடுத்து வாங்கி, இட்ச் செய்திகளை (ஆர்டர் சேர்ந்தது, நிறைவேறியது என்று அந்த ஃபீடில் வரும் வரிகள்) அப்படியே சேமித்து வைத்து, சந்தை முடிந்தபிறகு என் ஆர்டர்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம்.

போன வாரம் 1000 பங்கு வாங்க ஒரு லிமிட் ஆர்டரை (இந்த விலைக்கு மேல் வேண்டாம் என்ற ஆர்டர்) நாஸ்டாக்குக்கு ஸ்கேன் ரூட்டில் அனுப்பினேன். முழுவதும் கிடைத்துவிட்டது, விலையிலும் குறை இல்லை. புரோக்கர் திரையில் மூன்று ஃபில், அதாவது மூன்று தவணையாக நிறைவேறியிருக்கிறது: முதலில் 300, அடுத்த நொடிக்குள் 400, கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு 300. சேமித்த இட்ச் கோப்பைத் திறந்து பார்த்தால் குழப்பம். 1000 பங்குக்கு ஒரு ஆர்டர் வந்ததாக எங்கேயும் இல்லை. 300 பங்குக்குப் புதிதாக ஒரு வாங்கும் ஆர்டர் சேர்ந்ததாக மட்டும் ஒரு செய்தி இருக்கிறது, அது பின்னால் நிறைவேறியும் இருக்கிறது. நடுவில் உள்ள 400 மொத்தமாகக் காணோம்.

புரோக்கரிடம் கேட்டால் "காலாண்டு 606 அறிக்கை எங்கள் தளத்தில் இருக்கிறது, பாருங்கள்" என்று ஒரு லிங்க்கை அனுப்பிவிட்டார்கள். அதில் சதவீதங்கள்தான் இருக்கின்றன, என் ஆர்டரைப் பற்றி ஒரு வரி கிடையாது. ரூட் ஆன ஆர்டர்களுக்கு எக்ஸ்சேஞ்ச் தனியாக ஏதாவது அறிக்கை தருகிறதா? என் 400 எந்தச் சந்தையில் வாங்கப்பட்டது என்று எதை வைத்துச் சொல்வது?

—

பைட்டும்பைசாவும்:

உங்கள் கோப்பில் தவறு இல்லை. நாஸ்டாக்கின் ஃபீட் நாஸ்டாக்கின் புத்தகத்தில், அதாவது அங்கே காத்திருக்கும் ஆர்டர்களின் பட்டியலில், நடப்பதை மட்டும் சொல்லும். வெளியே போன பங்கு அந்தப் புத்தகத்தைத் தொடவே இல்லை, அதனால் அதற்குச் செய்தியும் இல்லை.

ஸ்கேன் ரூட் என்ன செய்கிறது என்று பார்த்தால் மூன்று ஃபில்லும் பிடிபடும். முதலில் உள்ளே பார்க்கும். உங்கள் விலைக்கு 300 பங்கு விற்பனைக்கு இருந்திருக்கிறது, எடுத்துக்கொண்டது. மீதி 700-ஐ மற்றச் சந்தைகளுக்கு அனுப்பியது, எங்கேயோ 400 கிடைத்தது. திரும்பி வந்த 300-ஐப் புத்தகத்தில் போட்டது. நீங்கள் பார்த்த அந்த 'ஏ' செய்தி (புது ஆர்டர் சேர்ந்தது என்பதற்கான குறி) இந்தக் கடைசி 300தான். ஸ்கேனில் ஒரு விஷயம், புத்தகத்தில் உட்கார்ந்தபிறகு வேறு சந்தையில் அதே விலைக்குச் சரக்கு வந்தாலும் மறுபடி வெளியே போகாது. மறுபடி போக வேண்டுமென்றால் அதற்கு ஸ்ட்ராட்டஜி என்று வேறு ரூட்.

முதல் 300-ம் உங்கள் பெயரில் தெரியாது, கவனித்தீர்களா? வந்ததும் நிறைவேறிவிடும் ஆர்டருக்கு 'ஏ' செய்தியே கிடையாது. ஏற்கெனவே காத்திருந்த விற்பனை ஆர்டரின் எண்ணைப் போட்டு 'ஈ' என்ற செய்தி வரும், அவ்வளவுதான். எதிரில் புத்தகத்தில் காட்டாத ஆர்டர் இருந்தால் 'ஈ'-யும் வராது, 'பி' வரும். ஆக உங்கள் 1000 இட்சில் மூன்று விதமாகச் சிதறியிருக்கிறது: ஒரு பகுதி யாரோ ஒருவருடைய எண்ணில், இன்னொன்று உங்கள் சொந்த எண்ணில், நடுப்பகுதி இல்லவே இல்லை.

அந்த நடு 400 போன விதம்: நாஸ்டாக் தன் புரோக்கர் கிளையான நாஸ்டாக் எக்ஸிகியூஷன் சர்வீசஸ் பெயரில்தான் வெளியே அனுப்பும். சிபோ என்ற போட்டிச் சந்தைக்கும் நியூயார்க் சந்தைக்கும் இதே போலத் தனித்தனிக் கிளைகள் உண்டு. எனவே எதிர்ச் சந்தையைப் பொறுத்தவரை வாங்கியவர் அந்தக் கிளைதான். உங்கள் புரோக்கர் பெயரே அங்கே போகாது, உங்கள் பெயரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 400 பங்கு அந்தச் சந்தையின் சொந்த ஃபீடிலும், எல்லாச் சந்தைகளின் பரிவர்த்தனைகளையும் ஒரே பட்டியலாகச் சேர்க்கும் சிப் டேப்பிலும் அந்தச் சந்தையின் எழுத்தோடு வந்திருக்கும். 'இசட்' என்றால் சிபோ பிஇசட்எக்ஸ், 'கே' என்றால் சிபோவின் இடிஜிஎக்ஸ், 'பி' என்றால் நியூயார்க் குழுமத்தின் ஆர்க்கா, 'என்' என்றால் நியூயார்க். "இது நாஸ்டாக்கிலிருந்து ரூட் ஆகி வந்தது" என்று எந்த டேப்பிலும் குறிப்பு இருக்காது.

உங்களுக்கு விடை இருக்கும் ஒரே இடம் உங்கள் எக்ஸிகியூஷன் ரிப்போர்ட், ஒவ்வொரு ஃபில்லுக்கும் புரோக்கர் அனுப்பும் செய்தி. புரோக்கர் அதை ஃபிக்ஸ் (ஒவ்வொரு விவரத்துக்கும் 'டேக்' என்று ஒரு எண் போடும் செய்தி வடிவம்) வழியாகத் தருகிறார் என்றால் டேக் 30-ஐப் பாருங்கள், எந்தச் சந்தை என்று இருக்கும். டேக் 851-ல் மூன்று ஃபில்லுக்கும் வரிசையாக 2, 3, 1 என்று வந்திருக்க வேண்டும். 2 என்றால் சரக்கை எடுத்தது, 3 என்றால் வெளியே ரூட் ஆனது, 1 என்றால் புத்தகத்தில் காத்திருந்து கிடைத்தது. ஃபிக்ஸ் இல்லாவிட்டால் புரோக்கரின் நாள் அறிக்கையில் "லிக்விடிட்டி" என்ற பத்தியில் ஏதாவது எழுத்து இருக்கும், அதுவும் இதைத்தான் சொல்கிறது.

—

சில்லறைக்காரன்:

அருமை. டேக் 851-ல் நீங்கள் சொன்னபடியே 2, 3, 1. ஆனால் டேக் 30-ல் மூன்றுக்கும் நாஸ்டாக் என்றே இருக்கிறது. இது என்ன கூத்து?

—

பைட்டும்பைசாவும்:

சில புரோக்கர்கள் தாங்கள் அனுப்பிய இடத்தை அதில் நிரப்பிவிடுவார்கள். நாஸ்டாக் சொன்ன விவரத்தை உங்களுக்குக் கடத்தும்போது நடுவில் யாரோ தட்டையாக்கிவிட்டார்கள். புரோக்கருக்கு எழுதும்போது "என் ஆர்டர் எங்கே போனது" என்று கேட்காதீர்கள், மறுபடி அதே லிங்க்தான் வரும். ஆர்டர் எண்ணையும் 400 பங்கு ஃபில்லின் நேரத்தையும் போட்டு, நாஸ்டாக் புரோக்கருக்கு அனுப்பிய செய்தியில் இந்த ஃபில்லுக்கு என்ன லிக்விடிட்டி குறி இருந்தது என்று கேளுங்கள். அந்தக் குறியை வைத்துத்தான் அவர்களுக்குக் கட்டணமே போடுகிறார்கள், இல்லை என்று சொல்ல முடியாது.

அதுவரை சிப் டேப்பில் தேடலாம். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் இரண்டு நேரம் இருக்கும், சந்தை போட்டது ஒன்று, சிப் போட்டது ஒன்று. சந்தை போட்ட நேரத்தைத்தான் எடுக்க வேண்டும். நாஸ்டாக்கின் எந்திரங்கள் நியூஜெர்சியில் கார்ட்டரெட்டில் இருக்கின்றன, சிபோவுடையவை செக்காக்கஸில், நியூயார்க் சந்தையுடையவை மாவாவில். ஆர்டர் அங்கே போய் நிறைவேறி, பதில் கார்ட்டரெட்டுக்கு வந்து, அதற்கப்புறம்தான் உங்களுக்கு ஃபில் என்று தெரிகிறது. அதனால் எதிர்ச் சந்தையின் நேரம் உங்கள் முதல் 300-க்குப் பின்னாலும் இரண்டாவது ஃபில்லுக்கு முன்னாலும் விழுந்திருக்கும். அந்தச் சந்துக்குள் உங்கள் விலையில் 400 வருகிறதா பாருங்கள். ஒரே வரியாக இல்லாமல் 350, 50 என்று பிரிந்தும் இருக்கலாம். 100-க்குக் குறைந்த சில்லறைப் பரிவர்த்தனைகளும் 2013 டிசம்பரிலிருந்து டேப்பில் வருகின்றன, வடிகட்டியில் அவற்றைத் தள்ளிவிடாதீர்கள். வியாபாரம் மும்முரமான பங்கு என்றால் அந்தச் சந்துக்குள் பத்து வரி இருக்கும், அப்போது இது வெறும் ஊகம்தான்.

—

கணக்குப்பிள்ளை:

606 லிங்க்கை அனுப்பியவருக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நான் இந்த அறிக்கைகளோடு மாரடிக்கும் வேலையில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

காலாண்டு 606 அறிக்கை, எந்த இடத்துக்கு என்று வாடிக்கையாளர் சொல்லாத ஆர்டர்களைப் பற்றியது. புரோக்கர் தானே முடிவுசெய்து அனுப்பியவற்றில் எத்தனை சதவீதம் சிட்டாடல் செக்யூரிட்டீஸ், விர்ச்சு போன்ற ஹோல்சேலர்களுக்கு (புரோக்கர்களின் ஆர்டர்களைத் தாங்களே நிறைவேற்றும் நிறுவனங்கள்), எத்தனை நாஸ்டாக்குக்கு, அதற்காக 100 பங்குக்கு எத்தனை சென்ட் வாங்கினார்கள் அல்லது கொடுத்தார்கள் என்று மாதவாரியாக இருக்கும். எஸ் அண்ட் பி 500 பங்குகள் தனி, மற்றப் பங்குகள் தனி, ஆப்ஷன் தனி. இந்த வடிவம் 2018-ல் எஸ்இசி (நம்மூர் செபி போல அமெரிக்காவின் கட்டுப்பாட்டு அமைப்பு) செய்த திருத்தத்தால் வந்தது. நீங்கள்தான் நாஸ்டாக் என்று தேர்ந்தெடுத்துவிட்டீர்களே! உங்கள் ஆர்டர் அந்தச் சதவீதங்களுக்குள் வராது. உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத காகிதத்தைக் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

அதே விதியில் 606(பி)(1) என்று ஒரு பிரிவு உண்டு. வாடிக்கையாளர் கேட்டால், கேட்ட தேதிக்கு முந்தைய 6 மாதத்தில் அவருடைய ஆர்டர்கள் எந்தெந்த இடத்துக்கு அனுப்பப்பட்டன, அவர் சொல்லி அனுப்பியதா இல்லையா, நிறைவேறியிருந்தால் எந்த நேரத்தில் என்று புரோக்கர் தர வேண்டும். இதில் நீங்கள் சொல்லி அனுப்பிய ஆர்டர்களும் சேரும். ஆனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். புரோக்கர் அனுப்பிய இடம் நாஸ்டாக், அதையே எழுதித் தந்துவிட்டால் நாஸ்டாக் அங்கிருந்து எங்கே அனுப்பியது என்ற உங்கள் கேள்வி அப்படியே நிற்கும்.

எக்ஸ்சேஞ்ச் தரும் அறிக்கை என்று கேட்டீர்களே, அது 605. 2000-ல் 606-உடன் இரட்டையாகப் பிறந்த விதி, அப்போது பெயர் வேறு. ஒவ்வொரு சந்தையும் மாதத்துக்கு ஒரு கோப்பு வெளியிட வேண்டும், இலவசம், யார் வேண்டுமானாலும் இறக்கலாம். செங்குத்துக் கோடு போட்டுப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு, தலைப்பு வரிகூட இருக்காது, முதல் தடவை திறப்பவருக்குத் தலை சுற்றும். பழைய வடிவத்தில் ஐந்தாவது இடம் ஆர்டர் வகை, ஆறாவது அளவு. 12 என்றால் உடனே நிறைவேறக்கூடிய லிமிட் ஆர்டர், 22 என்றால் 500 முதல் 1999 பங்கு வரை. உங்கள் ஆர்டர் போன்றவை 12, 22 என்ற வரியில் இருக்கும். அந்த வரியில் பத்தாவது எண் அந்தச் சந்தையிலேயே நிறைவேறிய பங்குகள், பதினோராவது எண் வெளியே நிறைவேறியவை. ரூட் ஆன ஆர்டர் பற்றி ஒரு சந்தை பங்குவாரியாகப் பொதுவில் வைக்கும் கணக்கு என்று பார்த்தால் அந்தப் பதினோராவது எண்தான். அதிலும் எந்தச் சந்தைக்குப் போனது என்று இல்லை, மாத மொத்தம் மட்டும்.

2024 மார்ச்சில் இந்த விதியைப் பெரிதாகத் திருத்தினார்கள். அதன்படி அளவைப் பங்கு எண்ணிக்கைக்குப் பதில் டாலர் மதிப்பில் பிரிக்க வேண்டும், 1 லட்சமோ அதற்கு மேலோ வாடிக்கையாளர்களை வைத்திருக்கும் புரோக்கர்களும் அறிக்கை தர வேண்டும். அதனால் நான் சொன்ன இடங்கள் பழைய வடிவக் கோப்புக்குத்தான், இறக்கியது எந்த வடிவம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். திருத்தியது நல்லதுதான். மைக்ரோ செகண்டில் ஓடும் சந்தைக்கு '0 முதல் 9 நொடி' என்று ஒரே கட்டம் போட்டு வேகத்தை அளந்துகொண்டிருந்தார்கள்.

—

தெற்குவாசல்:

நடுவில் ஒரு கேள்வி. இங்கே என்எஸ்இ-யில் போட்ட ஆர்டரை என்எஸ்இ தானாக பிஎஸ்இ-க்கு அனுப்பி நான் பார்த்ததே இல்லை. நாஸ்டாக் மட்டும் எதற்குப் போட்டிக் கடைக்கு ஆள் அனுப்புகிறது?

—

கணக்குப்பிள்ளை:

அங்கே சட்டம் அப்படி. 2005-ல் எஸ்இசி கொண்டுவந்த ரெகுலேஷன் என்எம்எஸ்-ல் 611 என்று ஒரு விதி. வேறு சந்தையில் இதைவிட நல்ல விலை காட்டிக்கொண்டிருக்கும்போது அதைத் தாண்டி மோசமான விலையில் வியாபாரத்தை முடிக்கக் கூடாது. அப்படியானால் சந்தை ஒன்று ஆர்டரைத் திருப்பித் தர வேண்டும், அல்லது நல்ல விலை இருக்கும் இடத்துக்கு அனுப்ப வேண்டும். திருப்பித் தந்தால் வாடிக்கையாளர் போய்விடுவார், அதனால் அனுப்புகிறார்கள், அதற்குக் கட்டணமும் வாங்குகிறார்கள். இந்தியாவில் சந்தைகள் ஒன்றுக்கொன்று அனுப்புவதில்லை. புரோக்கர் தன் மென்பொருளில் இரண்டு சந்தையையும் பார்த்துப் பிரித்து அனுப்பலாம் என்று செபி 2010 ஆகஸ்டில் அனுமதித்தது. முடிவு புரோக்கருடையது என்பதால் உங்கள் கான்ட்ராக்ட் நோட்டில் எந்தச் சந்தை, ஆர்டர் எண், டிரேட் எண், நேரம் எல்லாம் அச்சாகி வந்துவிடுகிறது. இந்த ஒரு விஷயத்தில் நம்மூர்க் காகிதம் மேல்.

—

அரையணா:

400 பங்குக்கு இத்தனை ஆராய்ச்சியா? ரூட் கட்டணம் பங்குக்கு 0.0030 டாலர் என்று வைத்தால்கூட 1 டாலர் 20 சென்ட். டேட்டா ஃபீடுக்குக் கொடுக்கும் மாதச் சந்தா அதைவிட எத்தனை மடங்கு?

—

சில்லறைக்காரன்:

ஒரு ஆர்டருக்கு 1.20, சரி. ஆனால் நான் வாங்குவதும் விற்பதும் பங்குக்கு ஒரு சென்ட், அரை சென்ட் லாபத்துக்கு. அதில் ரூட் கட்டணம் பாதியைத் தின்கிறதா இல்லையா என்று தெரியாமல் மாதம் முழுக்க ஓட்ட முடியாது. சதா 400 வெளியே போகிறது என்றால் முதலிலேயே அந்தச் சந்தைக்கு நேராக அனுப்பிவிடலாம் அல்லவா?

—

பைட்டும்பைசாவும்:

அனுப்பலாம், ஆனால் மாத மொத்தத்தை வைத்து முடிவுகட்டும்போது ஒரு பொறி இருக்கிறது. சந்தைகள் வெளியிடும் வால்யூம் கணக்கில் 'பொருத்தியது' வேறு, 'கையாண்டது' வேறு. நியூயார்க் சந்தை ஐரோப்பாவின் யூரோநெக்ஸ்ட் சந்தைக் குழுமத்தோடு சேர்ந்திருந்த காலத்து மாத அறிக்கைகளில் இரண்டும் தனித்தனி வரியாக இருக்கும். கையாண்டது என்றால் உள்ளே பொருத்தியதோடு வெளியே அனுப்பி நிறைவேறியதும் சேர்த்தது. அதே 400 எதிர்ச் சந்தையின் 'பொருத்தியது' கணக்கிலும் இருக்கும். எல்லாச் சந்தையின் 'கையாண்டதை'யும் கூட்டினால் சந்தையில் நடக்காத வியாபாரம் நடந்ததாகக் காட்டும். கூட்டுவதென்றால் பொருத்தியதை மட்டும் கூட்டுங்கள், அல்லது நேராக சிப் மொத்தத்தை எடுங்கள்.

டேப்பில் 'டி' என்ற எழுத்தோடு வருவதை உங்கள் தேடலில் விட்டுவிடலாம். அது எக்ஸ்சேஞ்சுக்கு வெளியே நடந்தது, ஹோல்சேலர்களும் டார்க் பூல்களும் (ஆர்டர்களை வெளியே காட்டாத தனியார் சந்தைகள்) புரோக்கர்களின் சுயக் கட்டுப்பாட்டு அமைப்பான ஃபின்ராவின் வழியாகப் பதிவுசெய்வது. அதில் எந்த நிறுவனம் என்றுகூட டேப் சொல்லாது. ஆனால் நாஸ்டாக்கின் சில ரூட்டுகள் டார்க் இடங்களையும் தொடும், உங்கள் ரூட்டின் விளக்கத்தை நாஸ்டாக் விதிப்புத்தகத்தில் ஒருமுறை படித்துவிட்டு விடுங்கள்.

—

சில்லறைக்காரன்:

புரோக்கரிடமிருந்து பதில் வந்துவிட்டது. லிக்விடிட்டி குறியைப் பேர் சொல்லிக் கேட்டதும் வேறு ஆளுக்கு மாற்றினார்கள். 400-ம் சிபோ பிஇசட்எக்ஸ். டேப்பிலும் அந்தச் சந்துக்குள் 'இசட்' எழுத்தோடு 300, 100 என்று இரண்டு வரி இருக்கிறது, விலையும் சரி. 606(பி)(1)-ம் கேட்டுவிட்டேன். போன வருடத்து ஆர்டர்களுக்கும் கேட்கலாமா?

—

கணக்குப்பிள்ளை:

கேட்கலாம், ஆனால் 6 மாதத்துக்கு மேல் தர அந்த விதி அவர்களைக் கட்டாயப்படுத்தாது. பழையதற்கு உங்கள் எக்ஸிகியூஷன் ரிப்போர்ட்தான் கதி. 851 குறியை ஒவ்வொரு ஃபில்லோடும் உங்கள் பக்கத்திலேயே சேமித்துக்கொள்ளுங்கள், மாதக் கட்டணப் பட்டியல் வந்ததும் 3 போட்ட பங்குகளைக் கூட்டி அதோடு சரிபாருங்கள். எங்கள் அலுவலகத்தில் வரும் தகராறுகளில் பாதி அந்த இரண்டு எண்ணும் ஒத்துப்போகாததால் வருவதுதான்.